‘ஐ மைட், அங்கிள்!’

இங்கிலீஷில் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல் வந்து நிற்குமே, கேன், குட், மே, மைட், வில், மஸ்ட் என்று, அவற்றில் எதையாவது கேட்டால் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். இதைப் பயம் என்று சொல்ல முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முதன்முதலாகக் கப்பலுக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தபோது ஒன்று வந்ததே, வாய் திறந்து, வார்த்தை வராமல், அந்த மாதிரி. துணைவினை என்று பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். துணைக்கு வருகிறவன் எவ்வளவு பெரிய ஆள் என்று ஒருவரும் சொல்லவில்லை. லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற கிளீனர் என்றுதான் நான் அவனை நினைத்திருந்தேன். ஸ்டியரிங்கே அவன் கையில்தான் இருக்கிறது என்பதைப் புனேயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் தெரிந்துகொண்டேன். அதுவும் பெண் கேட்கப் போன இடத்தில்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். என்ஜினீயரிங் முடித்து, புனேயை அடுத்த சாகணில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். போசரியில் வாடகை அறை. அறைத்தோழன் முருகானந்தம், ஈரோட்டுக்காரன், வேறு கம்பெனி. என் பிரிவில் எனக்கு அடுத்த மேஜையில் ஷீபா இருந்தாள்.

ஷீபாவும் தமிழ்ப் பெண்தான். நாலு தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கமிருந்து பட்டாளத்தோடு வந்து, புனேயின் கேம்ப் பகுதியிலேயே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம் என்று பெருமையாகச் சொல்வாள். அவள் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு தமிழ் இருந்தது உண்மை. முதல் நாள் என்னிடம் வந்து, “என்ன யார் நீ, லன்ச்சுக்கு வரல?” என்றாள். நான் எழுந்து நின்று, “செல்வின்” என்றேன். (அது இந்தி ‘யார்’. நண்பா என்று அர்த்தமாம். நான் பெயரோடு நிறுத்திக்கொண்டேன், நல்லவேளை. அப்பா பெயரையும் சொல்ல வாய் திறந்திருந்தேன்.)

அவள் சிரித்த சிரிப்பில் தொடங்கியது அது. கொஞ்ச காலத்தில் எங்கள் இரண்டு மேஜையும் ஒரே மேஜை மாதிரி ஆகி, கடைசியில் ஒருநாள் அவள் சொன்னாள்: “டாடி உன்னைப் பாக்கணுமாம். சண்டே லன்ச்சுக்கு வா. ஒண்ணே ஒண்ணு, தமிழ்லயே பேசு. அவருக்குப் புரியும்.”

இந்த ஒரு புத்திமதியை மட்டும் நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அவளுடைய அப்பா சாமுவேல் அங்கிள் ராணுவ அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தட்டச்சு செய்த இங்கிலீஷைப் படித்துத்தான் கர்னல்களே இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்கள் என்று ஷீபா சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவரிடம் போய் நான் தமிழில் பேசினால் என்ன நினைப்பார்? இவனுக்கு இங்கிலீஷ் வராது என்று நினைப்பார். (வராதுதான். அதை அவர் முதல் நாளே தெரிந்துகொள்வானேன்?)

முருகானந்தத்திடம் யோசனை கேட்டேன். ஈரோட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பாதியில் நின்றவன் அவன். பாதி வகுப்பு படித்தவனுக்கு இருக்கிற தைரியம் முழு வகுப்பு படித்தவனுக்கு இருக்காது.

“மாப்ள, இங்கிலீஷ்ல மரியாதை எங்கிருக்குது தெரியுமா?” என்றான். “நம்மாளுக ‘வா’வுக்கு ‘வாங்க’ன்னு சொல்றோமில்ல, அவனுக்கு அந்த வசதி கெடையாது. அவன் மரியாதை பூராத்தையும் அந்தக் குட்டி வார்த்தைல வெச்சிருக்கறான். ‘வில்’னு சொன்னீன்னா அதிகாரம். மொதலாளி பேசறது. ‘கேன்’னா திமிரு, ‘குட்’னா கும்பிடு. ‘மே’ன்னா ‘வாங்க’. ‘மைட்’ இருக்குது பாரு...” கண்ணை மூடிக்கொண்டான். “அது ‘எழுந்தருளுங்க’.”

“அப்ப எல்லாத்துக்கும் ‘மைட்’ போட்டா?”

“பொண்ணக் குடுத்து, போட்டோவும் எடுத்து அனுப்புவாங்க.”

நான் பிரமித்துப்போனேன். இத்தனை வருடம் ‘வில்’ ‘வில்’ என்று பேசி எத்தனை பெரிய மனிதர்களை அவமதித்திருக்கிறேன்!

ஊரில் அம்மாவுக்கும் போன் போட்டேன். விஷயத்தை ஏற்கெனவே சொல்லி, முதலில் அழுது, பிறகு ‘நம்ம சபைதான?’ என்று கேட்டு, சமாதானம் ஆகியிருந்தாள். இப்போது ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தாள். “கிளம்பும்போது மறக்காம சொல்லு மக்கா, ‘எங்களுக்கு நீங்க ஒண்ணும் தரவேண்டாம்’னு. அப்பதான் மரியாதை. நாம வேண்டாம்னு சொன்னா அவுக பிள்ளைக்கு அவுக செய்யாமலா இருப்பாக?”

எங்கள் பக்கத்து ‘வேண்டாம்’ அப்படிப்பட்டது. முன்வாசலை மூடிவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைத்திருக்கும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேம்ப் போனேன். பழைய ஓட்டு வீடு. உள்ளே கால் வைத்ததுமே என் செருப்புச் சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. கூடத்தில் பியானோ ஒன்று, அதன்மேல் பின்னல் துணி, துணிமேல் சட்டம் போட்ட தாத்தாமார்கள். மேஜையில் முள்கரண்டி, கத்தி, நாலாக மடித்த துணி. ஷீபாவின் அம்மா ரோசலின் ஆன்ட்டி பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்தவர். அவர் ‘குட் ஆஃப்டர்நூன்’ சொன்னதற்கே ராகம் இருந்தது. சாமுவேல் அங்கிள் ஒல்லியாக, நெட்டையாக, கழுத்துப்பட்டை கட்டி, புதிதாகத் தேய்த்த துணி மாதிரி நின்றார். அவர்கள் மூன்று பேரும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டதைக் கேட்டு வாய் பிளந்துவிட்டேன். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டுவது மாதிரி வந்தது. எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும். புஸ்ஸென்று சத்தம் போட்டு, இருமி, பிறகு கொஞ்சம் செம்மண் தண்ணீர். என் இங்கிலீஷும் அந்தக் குழாய்தான்.

“டீ சாப்பிடுகிறாயா, செல்வின்?” என்று ஆன்ட்டி இங்கிலீஷில் கேட்டார், தட்டில் கோப்பையோடு.

பணிவாகத் தலை குனிந்து, “ஐ மைட், ஆன்ட்டி” என்றேன்.

ஆன்ட்டி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவர் ஷீபாவைப் பார்த்தார். ஷீபா என்னைப் பார்த்தாள். கடைசியில் அந்த டீ வந்த வழியே சமையலறைக்குத் திரும்பிப் போனது. ஏலக்காய் வாசனை மட்டும் எனக்குக் கிடைத்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். தேங்காய்ச் சோறு, ஆட்டிறைச்சிக் குழம்பு. “வில் யூ சே க்ரேஸ்?” என்றார் அங்கிள். சாப்பாட்டு ஜெபம் நீ செய்கிறாயா என்று கேட்கிறார்! எங்கள் ஊர் வாலிபர் சங்கத்தில் ஜெபத்துக்கு என்னை அடிக்க ஆள் கிடையாது. உள்ளமெல்லாம் பூரித்து, மிக மிகப் பணிவாக, “ஐ மைட், அங்கிள்” என்று சொல்லிக் கண்ணை மூடினேன்.

இவனுக்கு இஷ்டமில்லை போல என்று நினைத்து அவரும் கண்ணை மூடினார். ஒரே நொடியில் இரண்டு பேரும் தொடங்கினோம். அவர் இங்கிலீஷில் மெதுவாக. நான் தமிழில், மைக் இல்லாத மைதானத்தில் பேசுகிற தொண்டையில். ஜெபத்தைப் பாதியில் நிறுத்துவது பாவம் என்று அவர் வீட்டிலும் சொல்லி வளர்த்திருப்பார்கள் போலிருக்கிறது. இருவரும் விடவில்லை. அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். நான் வனாந்தரத்தில் மன்னா பொழிந்ததைச் சேர்த்துக்கொண்டேன். அவர் ‘ஆமென்’ சொன்னபோது நான் செங்கடலைக் கடந்துகொண்டிருந்தேன். குழம்பில் ஆடை படிந்துவிட்டது.

பாதிச் சோறு வரை ஒழுங்காகத்தான் சாப்பிட்டோம். அப்புறம் அங்கிள் தன் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். வைத்த விதத்திலேயே தெரிந்தது, இனி நடக்கப்போவது விசாரணை.

அவர் கேட்டது எல்லாம் நேரடியான கேள்விகள். இன்றைக்கு நினைத்தாலும் எவ்வளவு நல்ல கேள்விகள்! புனேயிலேயே இருப்பாயா?

“ஐ மைட், அங்கிள்.”

கம்பெனியில் உன்னை நிரந்தரம் ஆக்குவார்களா?

ஆக்கி வெகு நாளாகியிருந்தது. ஆனால் தற்பெருமை கூடாதல்லவா? “தே மே, அங்கிள்.”

என் மகளை நேசிக்கிறாயா?

இதற்குச் சாதாரணப் பணிவு போதாது என்று தோன்றியது. முருகானந்தத்தின் பட்டியலில் இன்னும் தொடாத ஒன்றை எடுத்தேன். “ஐ குட், அங்கிள்.”

ஆன்ட்டியின் கையிலிருந்த பரிமாறும் கரண்டி அப்படியே நின்றது. ஷீபா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கிள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “வில் யூ லுக் ஆஃப்டர் ஹர்?” என் மகளைப் பார்த்துக்கொள்வாயா?

நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றேன். கை கட்டினேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

“ஐ மைட், அங்கிள்!”

ஷீபா எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் அடிபட்டன. எவ்வளவு பொறுப்பான பெண் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அங்கிளும் ஆன்ட்டியும் வாசல் கேட் வரை கூட வர எழுந்தார்கள். எனக்கு நெகிழ்ந்துவிட்டது. வெயிலில் பெரியவர்கள் எதற்கு வரவேண்டும்? இங்கே ஒரு விஷயம். இந்த இடத்தில் முருகானந்தத்தின் மேல் பழி போட முடியாது. இது என் சொந்தக் கணக்கு. ‘மஸ்ட்’ என்றால் வேண்டும். அப்படியானால் ‘மஸ்ட் நாட்’ என்றால் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு.

“அங்கிள், ஆன்ட்டி, யூ மஸ்ட் நாட் கம் டு த கேட்” என்றேன், கனிவாக. வரவேண்டாம் என்று நான் சொன்னேன். ‘வரக்கூடாது’ என்று அவர்கள் காதில் விழுந்தது. தூக்கிய கால் தூக்கியபடி நின்றார்கள்.

கல்யாணப் பேச்சுக்கு இவர்கள் எங்கள் ஊர் வரைக்கும் சிரமப்பட வேண்டாம், என் அப்பாவும் அம்மாவும் இங்கே வருவார்கள் என்பதையும் சொல்லிவிட நினைத்தேன். “யூ மஸ்ட் நாட் கம் டு மை வில்லேஜ் ஆல்சோ.”

அங்கிள் முகம் சிவந்தது. பிறகு அம்மா சொல்லிக் கொடுத்தது நினைவு வந்தது. “அண்ட் யூ மஸ்ட் நாட் கிவ் எனிதிங் டு அஸ்!”

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது இருவரும் வாசலிலேயே உறைந்து நின்றார்கள். என் பணிவு அவர்களை அசையவிடாமல் அடித்துவிட்டது என்று மனம் குளிர்ந்து பஸ் ஏறினேன்.

மறுநாள் கம்பெனியில் ஷீபா என் மேஜைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“உனக்கு ‘மைட்’னா என்னன்னு தெரியுமா, யார்?”

“மரியாதை.”

“மரியாதையா? டாடி கேட்டாரு, என் பொண்ணைப் பாத்துக்குவியான்னு. நீ எந்திரிச்சு நின்னு, கை கட்டிக்கினு சொன்னே, ‘பாத்துக்கிட்டாலும் பாத்துக்குவேன்’னு! லவ் பண்றியான்னு கேட்டாரு. ‘பண்ணலாம், முடியாதுன்னு இல்ல’ன்னு சொன்னே! மம்மி அழுதாங்க. நேத்து எங்க வீட்ல யாரும் டின்னரே சாப்டல.”

பரிசோதனைக்கு வந்த பிரேக் பாகம் ஒன்று என் கையில் இருந்தது. அதை நான் கீழே போட்டேனா, அதுவாக விழுந்ததா தெரியவில்லை. ஒரு குட்டிச் சொல்லில் இவ்வளவு பெரிய பள்ளமா? சத்தியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஏதோ மழை வந்தாலும் வரும் என்கிற மாதிரி அவள் தலைவிதியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் யாரிடம்? வாழ்நாள் முழுக்க அலுவலகக் குறிப்பு எழுதியவரிடம். அவர் ‘ஷல்’ என்று அடித்தால் லாரிகள் கிளம்பின. ‘மே’ என்று அடித்தால் கோப்பு தூங்கியது. அவருக்கு இந்தக் குட்டிச் சொற்கள்தான் சோறு போட்டிருக்கின்றன.

“டாடிகிட்ட நான் சொல்லிட்டேன், அவனுக்கு மீனிங் தெரியாதுன்னு,” என்றாள் ஷீபா. “அவனே வந்து சொல்லட்டும்ங்கறாரு. அடுத்த சண்டே எனக்கு ஸ்டாக் எடுக்கற டியூட்டி, நான் இருக்க மாட்டேன். நீ போ. தமிழ்ல பேசு. ப்ளீஸ், தமிழ்ல.”

(கேட்டருகே நான் விட்ட மூன்று அம்புகளை அவள் அறியாள். அவள் அப்போது என்மேலுள்ள கோபத்தைப் பாத்திரங்களிடம் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் அவை அம்புகள் என்று அறியேன்.)

அந்த வாரம் முழுக்க நான் பேசிப் பழகியது தமிழ். பிறந்ததிலிருந்து பேசிய மொழியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை சட்டையைத் தேய்த்துப் போட்டுப் பொத்தான் போடும்போது போன் அடித்தது. அதுவரை இங்கிலீஷிலேயே கேட்டிருந்த குரல், முதன்முறையாகத் தமிழில் வந்தது.

“செல்வின்? சாமுவேல் பேசறேன். இன்னிக்கு நீ வரக்கூடாது.”

“அங்கிள், நான் ஒரே ஒரு வார்த்தை...”

“வரக்கூடாதுபா. அவ்ளோதான்.” வைத்துவிட்டார்.

ஷீபாவைக் கூப்பிட்டேன். ஸ்டாக் எடுக்கிற நாளில் போனை வாயிலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. முருகானந்தம் என் கட்டிலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“என்ன சொன்னாப்பல?”

“வரக்கூடாதாம்.”

“‘கூடாது’ன்னா...” கொஞ்சம் யோசித்தான். “தமிழ்ல அதுக்கு வேற அர்த்தம் இருக்கறதா தெரியலியே மாப்ள.”

துக்கத்தில் மனிதன் என்னென்னவோ செய்வான். தாடி வளர்ப்பான், கவிதை எழுதுவான். நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு, தலைக்கு நல்லெண்ணெய் வைத்தேன். வைத்தேன் என்பது பணிவு. ஊற்றினேன். நெற்றி வழியாக இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது. எண்ணெயா கண்ணீரா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் தட்டினார்கள். தண்ணீர்க் கேன் போடுகிறவர் என்று நினைத்து முருகானந்தம் திறந்தான்.

வாசலில் கழுத்துப்பட்டையோடு சாமுவேல் அங்கிள். பின்னால் துணியில் கட்டிய பாத்திரத்தோடு ரோசலின் ஆன்ட்டி.

முருகானந்தம் நடுங்கிப்போய் ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் கிடந்த என் பனியனைத் தட்டிவிட்டு, உடம்பை வளைத்துச் சொன்னான்: “யூ மைட் சிட், சார்.”

அங்கிள் அவனை மேலிருந்து கீழே வரை பார்த்தார். “அச்சா,” என்றார். “நீதான் வாத்தியாரா?”

முருகானந்தம் பால்கனிக்குப் போய்விட்டான்.

நான் துண்டைத் தேடி எடுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு நின்றேன். “நீங்கதான அங்கிள் வரக்கூடாதுன்னீங்க?”

“ஆமா. நீ இன்னாத்துக்கு வரணும்? பஸ் மாறிகினு, வெயில்ல. நாங்க வரோம், நீ வரக்கூடாது. மத்லப்... யூ நீட் நாட் கம்.”

“சாமு,” என்றார் ஆன்ட்டி, நெற்றியில் கை வைத்து. “அதுக்கு ‘வரவேண்டாம்’. ‘வரக்கூடாது’ன்னா ‘மஸ்ட் நாட்’.”

“அப்படியா? எங்க நைனா அப்படித்தான் சொல்வாரு...” அங்கிள் மெய்யாகவே திகைத்தார். “ரெண்டும் ஒண்ணில்லையா?”

நான் திகைத்தது வேறு காரணத்துக்காக. ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாதா? எண்ணெயோடு எண்ணெயாக வியர்வை வழிந்தது. கேட்டுக்கு வரக்கூடாது. எங்கள் ஊருக்கு வரக்கூடாது. எதுவும் தரக்கூடாது. பெண் கேட்கப் போன வீட்டில், பெண்ணைப் பெற்றவர்களுக்கு மூன்று தடை உத்தரவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்தார். இங்கிலீஷில் மலை மாதிரி இருந்த மனிதர் இந்தத் தமிழில் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். நாலு தலைமுறைக்கு முன் வேலூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த தமிழ். அதைப் பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறார்கள்.

“அன்னிக்கு நீ கெளம்பினதும் எனக்கு ரொம்ப கோவம்பா. கேட்டுக்கு வரக்கூடாதுன்றான், ஊருக்கு வரக்கூடாதுன்றான், யாரு இவன்? அப்பறம் ரோஸி சொன்னா, மூணாவதா சொன்னது இன்னான்னு கேட்டீங்களா? எதுவும் குடுக்கக்கூடாதுன்னான்.” விரலைத் தூக்கினார். “எங்க பெரிய பொண்ணுக்கு வந்தவங்க எல்லாம் ‘யூ நீட் நாட்’தான் சொன்னாங்க. ‘நீட் நாட்’னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? குடுத்தா வாங்கிப்பாங்க. ஆஃபீஸ்ல முப்பது வருசமா நானே டைப் பண்ணியிருக்கேன். ‘மஸ்ட் நாட்’ சொன்ன பையனை இப்பத்தான் பாக்கறேன். அதான் நானே வந்தேன்.”

எங்கள் அம்மாவின் புழக்கடை வாசலை, எனக்கே தெரியாமல், நானே ஆணியடித்து மூடியிருக்கிறேன். ஒரு சிறு சொல், நான் இருந்ததைவிட ஒரு பிடி உயரமான ஆளாக என்னைச் செய்து, கேம்ப்பில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. நான் இல்லாத அந்த ஆளைப் பார்க்கத்தான் இந்தப் பெரியவர் போசரி வரைக்கும் வந்திருக்கிறார்.

ஆனால் அவர் தலைமை எழுத்தர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “இப்ப ஒரு டவுட் வருது. எனக்குத்தான் கூடாதும் வேண்டாமும் தெரியல. உனக்கு ‘மஸ்ட் நாட்’ தெரியுமா? அன்னிக்கு நீ சொன்னது மூணும் ‘வேண்டாம்’தானா?”

பால்கனிக் கதவுக்குப் பின்னால் முருகானந்தம் தலை தெரிந்தது. சீதனமாக வரப்போகிற மோட்டார் சைக்கிளில் ஞாயிறுதோறும் தனக்கு ஒரு சுற்று உண்டு என்று என்னிடம் முன்பதிவு செய்து வைத்திருந்தவன் அவன். அம்மாவின் முகம் ஒருமுறை வந்து போனது. ஆன்ட்டி பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொத ரெண்டும் ‘வேண்டாம்’ அங்கிள்,” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “மூணாவது ‘கூடாது’.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு, முன்பு இங்கிலீஷில் கேட்டதையே தமிழில், இடறி இடறிக் கேட்டார்: “என் பொண்ண... பாத்துக்குவியா?”

“பாத்துக்கிடுவேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். வாயிலிருந்து அது வெளியே போனபிறகுதான், எவ்வளவு பெரியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் மொழியில் துணைக்கு ஒரு சொல்லை முன்னால் அனுப்புவதில்லை. வருகிற காலமும், சொல்கிற ஆளும், கொடுக்கிற வாக்கும் அந்த ஒரு ‘வேன்’ விகுதிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. பால்குடி மாறாத வயதிலிருந்து சொல்லி வந்த விகுதி. வாங்கிட்டு வருவேன், எழுதுவேன், சொல்லிடுவேன் என்று ஒருநாளைக்கு எத்தனை தடவை! அதன் கனம் அன்றைக்குத்தான், லுங்கியோடும் எண்ணெயோடும் நின்றபோது, என் நாக்குக்குத் தெரிந்தது.

“பாத்துக்... கிடுவேன்,” என்று அங்கிள் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார், புதுப் பேனாவை எழுதிப் பார்க்கிற மாதிரி. பிறகு ஆன்ட்டியிடம் திரும்பினார். “நல்லா இருக்கு, இல்ல? சாப்பாட்டை எடு ரோஸி. ஜெபம் நீயே பண்ணு. இவங்கிட்ட கேக்காதே.”

பாத்திரத்தில் ஆட்டிறைச்சிக் குழம்பு. முருகானந்தம் பால்கனியிலிருந்து தானாகவே வந்துவிட்டான்.

சாயங்காலம் ஷீபாவின் போன் வந்தது. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல், “என்ன யார்?” என்று நானே கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் சிரிப்புதான் வந்தது.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எடுத்ததுமே, “நான் சொல்லிக் குடுத்தத சொன்னியா? ஒண்ணும் வேண்டாம்னு?” என்றாள்.

“வேண்டாம்னு சொல்லலம்மா.”

“பின்ன?”

“கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

ஊரில் சேவல் கூவுகிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. “அடப்பாவி,” என்றாள் கடைசியில். “ஒரு வார்த்தையில என்னைய நல்லவளாக்கிட்டியே!” கல்யாணத்தன்று யாரோ ஒரு சொந்தக்காரி, பையனுக்கு என்ன செய்தார்கள் என்று காதைக் கடித்தபோது, “எங்க வீட்டுல அதெல்லாம் கூடாது” என்று அம்மா சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. அந்தச் சொல் அவளையும் ஒரு பிடி உயர்த்தியிருந்தது. அவளுக்கும் அந்த உயரம் பிடித்துப்போயிருந்தது.

கல்யாணம் கேம்ப்பிலேயே நடந்தது. அந்தச் சபையில் திருமண ஆராதனையை இங்கிலீஷிலும் நடத்தலாம், தமிழிலும் நடத்தலாம். எது வேண்டும் என்று போதகர் கேட்டபோது, அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லாரும் இங்கிலீஷிலேயே மணமுடித்திருந்தும், அங்கிள் ஒரு நொடி யோசிக்கவில்லை. “தமிழ்ல வைங்க பாஸ்டர். இந்தப் பையனை வெச்சிகினு நான் ரிஸ்க் எடுக்க முடியாது.”

இப்போது எங்கள் வீட்டில் இங்கிலீஷும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது, கோபம் வந்தால் மராத்தியும் இருக்கிறது. ஆனால் யாருக்கு எதை நீட்டினாலும், அவர்கள் கையை ஆட்டி மறுத்தால், உடனே ஒரு கேள்வி வரும்: “வேண்டாமா, கூடாதா?” விருந்தாளிகள் விழிப்பார்கள். ஷீபா முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்வாள். எண்ணெய் சொட்டுகிற இடத்தை அவள் பார்த்ததே இல்லை, ஆனால் நடித்தே காட்டுவாள்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கேம்ப்பில் கூடியிருந்தோம். மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. (அங்கிள் மாமாவாகி, ஆன்ட்டி அத்தையாகி வெகு காலம் ஆகிறது.) அத்தை பிளம் கேக்கை வெட்டித் தட்டோடு சுற்றி வந்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கு வேணாம்பா” என்றார்.

“டாடி,” என்றாள் ஷீபா. “வேண்டாமா, கூடாதா?”

அவர் கேக்கைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“டாக்டர் சொன்னது ‘கூடாது’,” என்றார். “நான் சொல்றது வெறும் ‘வேண்டாம்’.”

சொல்லிவிட்டுத் தன் தட்டை நீட்டினார்.